பெரட்டுக் களத்தில் கொடுத்த அழைப்பாணை

ஓய்வுபெற்றவன் என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முதலில் என் தலைமுடியைப் பார்ப்பார். நரை இல்லை. எனக்கு முப்பத்தாறு வயது. ஊவாவில் ஒரு நீதிமன்றத்தில் அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். தெமோதரைக்குக் கீழே தோட்டத்துப் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இடது முழங்கால் நொறுங்கியதும் மருத்துவச் சபை கூடி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். சட்டப் பரீட்சைக்குப் படிக்கிறேன். மேல் நீதிமன்றத் தீர்ப்பு எது இணையத்தில் ஏறினாலும் அன்றைக்கே இறக்கி வாசித்து, பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லாரையும் தொந்தரவு செய்கிறேன்.

போன மாதம் அப்படி ஒரு தீர்ப்பைப் போட்டேன். வழக்கமாக யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இந்த முறை குழுவே பற்றிக்கொண்டது.

தோட்டமொன்றிலிருந்து மேன்முறையீடாகப் போன வழக்கு அது. காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிப்பதற்காகப் பெயர் கூப்பிடும் இடத்தில் வைத்து, ஒருவருக்கு அழைப்பாணை கொடுத்திருக்கிறார்கள். நீதியரசர்கள் அதை ஏற்கவில்லை. "இவர்தான் அவர்" என்று தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் காட்டியதை நம்பிக் கொடுத்தால் அது நேரில் கொடுத்ததாகாது, அடையாள அட்டையைப் பார்த்து அதன் இலக்கத்தைச் சத்தியக்கடதாசியில், அதாவது கொடுத்தேன் என்று சத்தியம் செய்து நாங்கள் எழுதித் தரும் பத்திரத்தில், எழுதியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குழுவில் ஒருவன் இனிமேல் செல்பி எடுத்துவிட்டுத்தான் சம்மன் கொடுக்க வேண்டும்போல என்று எழுதினான். இன்னொருவன், மழைக்குள் நின்று அறுபது பேரிடம் அட்டை கேட்க நீதியரசரே வரட்டும் என்றான். கடைசியில் ஊழியர் சங்கத்து ஆண்டு மலருக்கு இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நீதான் வேலை வெட்டி இல்லாம இதெல்லாம் வாசிக்கிற, நீயே எழுது." காரணமும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

தீர்ப்போடு எனக்குச் சண்டை இல்லை. சரியான தீர்ப்புத்தான். ஆனால் அதை வாசித்த பிறகு இரண்டு நாள் புத்தகத்தைத் தொட மனம் வரவில்லை. அதற்குக் காரணமான வழக்கை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தோட்டத்தின் பெயரையும் நீதிமன்றத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

முதலில் பெரட்டைப் பற்றி. வேலையில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த பயிற்சி, வயதான ஒருவருக்குப் பின்னால் மூன்று வாரம் சைக்கிளில் போனது மட்டும்தான். பட்டணத்தில் வேலை லேசு. தெரு உண்டு, இலக்கம் உண்டு, கதவு உண்டு. தோட்டத்தில் ஐந்நூறு குடும்பத்துக்கு ஒரே முகவரி. தபால் எல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து எப்போது யார் கைக்குப் போகும் என்று ஆபீசுக்கே தெரியாது. நாங்கள் பகலில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கும். மலைக்குப் போனால் கொழுந்து எடுக்கும் பெண்களைத் தேடிப் பிடிக்கவே பாதி நாள் சரி. ஆகவே விடியற்காலை முதல் பஸ் பிடித்து, ஆறரைக்குள் பெரட்டுக் களத்துக்குப் போய்விட வேண்டும். எல்லாரும் அங்கே இருப்பார்கள். தோட்டத்து மேலாளர் துரை பார்த்துக்கொண்டு நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார், ஆள் குரல் கொடுக்கும். நமக்கு வேண்டிய பெயர் வரும்போது முன்னால் போய் நின்றால் ஐந்து நிமிட வேலை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அதுவும் எல்லாரையும்விட வேகமாக. ஒரு காலையில் இரண்டு தோட்டம் முடித்துவிட்டுப் பத்து மணிக்கு மேசையில் வந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எங்கள் பதிவாளர் விமலசேனவுக்கு, சிங்களத்தில் மரியாதையாக மஹத்தயா என்று கூப்பிடுவோம், அந்த வேகம் பிடிக்காது. சத்தம் போடுகிற மனிதர் அல்ல அவர். நாம் எழுதிக் கொடுக்கும் சத்தியக்கடதாசியை மேசையில் விரித்து, அடி மட்டத்தை முதல் வரிக்குக் கீழே வைப்பார். வாசிப்பார். மட்டத்தை ஒரு வரி இறக்குவார். எத்தனை பேர் வாசலில் நின்றாலும் இதே வேகம்தான். "பிரதிவாதியிடம் நேரில் கையளித்தேன்" என்ற வரி வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்பார்: "தம்பி, இது நீ பாத்ததா, கேட்டதா?"

பார்த்தது சார், என்று சொல்வேன். மட்டத்தை இறக்குவார். கையெழுத்து வைக்க விடுவார். பன்னிரண்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான தடவை அந்தக் கேள்விக்கு அதே பதிலைச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட யோசித்துச் சொன்னதில்லை.

புஷ்பராணியின் அழைப்பாணை விவாகரத்து வழக்கில் வந்தது. கணவன் ரவி போட்ட வழக்கு. மனைவி வேண்டுமென்றே குடும்பத்தைக் கைவிட்டுப் போய்விட்டாள், ஏழு வயது மகள் டிலுக்சியைத் தன் பொறுப்பில் தர வேண்டும் என்று கேட்டிருந்தான். முகவரியில் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் மட்டும். அன்றைக்கு என் பையில் ஏழு அழைப்பாணை. மழை தூறிக்கொண்டிருந்தது. தலையில் பொலித்தீன் போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் நின்றார்கள். கணக்கப்பிள்ளை "புஷ்பராணி" என்று கூப்பிட, இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். நான் முன்னால் போனேன். கணக்கப்பிள்ளையிடம், இவங்கதானா என்று கேட்டேன். "ஆமாங்க, அவதான்," என்றார். அந்தப் பெண் கணக்கப்பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

என்ன பேப்பர் என்று கேட்டாள். கோர்ட்டுப் பேப்பர், தேதி உள்ளே இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த டிவிசனுக்கு ஓடினேன். பேப்பர் சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப் பிரதி ஒன்றும் சேர்த்திருக்க வேண்டும், சேர்த்திருக்கவில்லை. அதில் எழுதியிருந்ததை அந்த இடத்திலேயே நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் போயிருக்கும்.

விசாரணைத் தவணைக்குப் பிரதிவாதி வரவில்லை. ஒருதலை விசாரணை நடந்து, கணவன் கேட்டபடியே தீர்ப்பாணை ஆனது. அந்தத் தீர்ப்பாணையையும் பிரதிவாதியிடம் கொடுக்க வேண்டும். கொடுத்துப் பதினான்கு நாளுக்குள் அவள் நீதிமன்றத்துக்கு வந்து, நான் வராமல் போனதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் வழக்கைத் திரும்பத் திறக்கலாம். அதையும் நான்தான் கொண்டுபோனேன். அதே பெரட்டு, அதே கணக்கப்பிள்ளை, அதே பெண். இந்தத் தடவை முகம் ஞாபகம் இருந்ததால் கேள்வியே கேட்கவில்லை. பதினான்கு நாள் போனது. யாரும் வரவில்லை.

நான்கு மாதம் கழித்து, பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இரண்டு பெண்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தியைத் தெரியும், நான் பேப்பர் கொடுத்த பெண். மற்றவள் அவளைப் போலவே இருந்தாள், கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் வயது கூடி.

"இது என் தங்கச்சி கலா, தம்பி," என்றாள் அந்த மற்றவள். "நான்தான் புஷ்பராணி."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. அவர்கள் மாறி மாறிச் சொன்னதைச் சேர்த்தால் கதை இதுதான். புஷ்பராணி மூன்று வருடத்துக்கு முன் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். கணவனின் சம்மதத்தோடு, அவனே பண்டாரவளைக்கு வந்து வான் ஏற்றிவிட்டிருக்கிறான். தோட்டத்தில் அவள் பதிவுத் தொழிலாளி. பதிவில் ஆள் இருக்கும்வரைதான் லயத்து அறையும் இருக்கும். கலாவுக்குப் பதிவு கிடைக்கவில்லை, தோட்டம் புதிதாக ஆள் எடுக்கவில்லை. ஆகவே அக்கா போன மறுநாளிலிருந்து தங்கச்சி அக்காவின் பெயரில் வேலைக்குப் போனாள். கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தோட்டங்களில் இது புதிதல்ல என்பதும், பன்னிரண்டு வருடம் பெரட்டுக்குப் போன எனக்குத்தான் இது தெரியாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளை கலாவிடம்தான் வளர்ந்தது. பேப்பரை அவள் ரவியிடம் கொடுத்திருக்கிறாள். வீட்டில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். தோட்டத்தில் கொடுக்கப்போகும் தனிவீட்டுக்கு உறுதிப் பத்திரம் எழுதக் கோர்ட்டிலிருந்து இப்படித்தான் பேப்பர் வரும் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டான். இரண்டாவது பேப்பருக்கும் அதே பதில். பிறகு தோட்டத்தை விட்டுப் போனவன், ஒருநாள் பொலிசோடு வந்து, நீதிமன்ற ஆணை என்று காட்டி, டிலுக்சியைத் தெமோதரையில் தன் புது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கலா அழுது போன் பண்ணிய பிறகுதான் புஷ்பராணி விமானம் ஏறியிருக்கிறாள்.

அன்றைக்கே என்னிடம், நான் அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கலாவிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"எங்க வச்சு சொல்றது? நீங்க கேட்டது பெரட்டுல. தொர நிக்கிறாரு, கணக்கப்பிள்ளை நிக்கிறாரு. அந்த எடத்துல நான்தானே தம்பி புஷ்பராணி."

வழக்கைத் திறக்க மனுப் போட்டாயிற்று, விசாரணைக்குத் தேதியும் வந்துவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அழைப்பாணை அவள் கைக்கு வரவேயில்லை என்று காட்டினால் தீர்ப்புக்கு அடியே இல்லாமல் போகும். ஆனால் அதை அவள்தான் நிரூபிக்க வேண்டும். அவளுக்கு எதிராக நிற்பது என் கையெழுத்துப் போட்ட இரண்டு சத்தியக்கடதாசிகள். வெளிநாட்டில் இருந்ததற்குக் கடவுச்சீட்டு இருக்கிறதே என்றேன். இடையில் ஒரு தடவை லீவில் வந்திருக்கிறாள். முதல் பேப்பர் கொடுத்த அதே மாதத்தில் வந்து இரண்டு வாரம் நின்று போயிருக்கிறாள். ரவி கணக்குப் பார்த்துத்தான் வழக்குப் போட்டிருக்கிறான். முத்திரையில் வந்த நாளும் போன நாளும் இருந்தன, பேப்பர் கொடுத்த நாள் சரியாக அதற்கு நடுவில் விழுந்தது. இரண்டாவது பேப்பர் நாளில் அவள் இங்கே இல்லை என்று காட்டினாலும், முதல் பேப்பர் கையில் கிடைத்தது என்றாகிவிட்டால், வழக்கு நடப்பது தெரிந்துகொண்டேதான் திரும்பப் போனாள் என்று சொல்லிவிடுவார்கள்.

"நீங்க குடுத்தது எனக்கில்லனு சொல்லுங்க தம்பி. யாருக்குனு மட்டும் சொல்லிறாதீங்க," என்றாள் புஷ்பராணி.

"ரெண்டையும் சேத்துத்தான் கேப்பாங்க அக்கா."

"கலா பேரு வெளிய வந்தா எங்க பதிவ வெட்டிருவாங்க. அறையும் போயிரும். புள்ளைய வாங்கி நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? நடுரோட்டுலயா?"

தேநீருக்கு அவள்தான் காசு கொடுத்தாள், நான் எவ்வளவு தடுத்தும்.

விசாரணைக்கு முதல் நாள் விமலசேன மஹத்தயா என்னைக் கூப்பிட்டார். இரண்டு சத்தியக்கடதாசியும் மேசையில் இருந்தன. அடி மட்டம் அந்த வரிக்குக் கீழே இருந்தது. அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை, பேப்பர் கொடுத்தது பார்த்தது சார், ஆள் இவர்தான் என்பது கேட்டது, என்றேன். பிறகு, யாரிடம் கேட்டாய் என்று சொன்னால் அந்தக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள், அவன் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வரும், என்று சிங்களத்தில் சொன்னார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்ன செய் என்றும் சொல்லவில்லை, என்ன செய்யாதே என்றும் சொல்லவில்லை. மட்டத்தை எடுத்து லாச்சிக்குள் வைத்தார்.

சாட்சிக் கூட்டில் ஏறி நின்றேன். புஷ்பராணியைக் காட்டி, இவரிடமா கொடுத்தீர்கள் என்று அவளுடைய வழக்கறிஞர் கேட்டார். இல்லை, வேறொரு பெண், இரண்டு தடவையும் அந்த வேறொரு பெண்தான், என்றேன். ரவியின் வழக்கறிஞர் எழுந்தார். அப்படியானால் சத்தியம் செய்து பொய் எழுதினீர்களா என்றார். கூட்டத்தில் பெயரைக் கூப்பிட்டேன், குரல் கொடுத்தவரிடம் கொடுத்தேன், அடையாளத்தைச் சரிபார்க்கவில்லை, தவறு என்னுடையது, என்றேன். கணக்கப்பிள்ளையிடம் கேட்டதைச் சொல்லவில்லை. பிறகு நீதிபதியே பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார், யார் அந்தப் பெண் என்று.

தெரியாது, என்றேன்.

கலா அப்போது வெளியே விறாந்தையில், தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கதவு வழியாக அவளுடைய சேலைத் தலைப்பு எனக்குத் தெரிந்தது.

தீர்ப்பாணை ரத்தானது. வழக்கைப் புதிதாக விசாரிக்கக் கட்டளை வந்தது. அந்தக் கட்டளையில் ஒரு பந்தியை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். தனக்கே பாதகமாகச் சாட்சி சொல்லும் உத்தியோகத்தர் பொய் சொல்லக் காரணமில்லை, ஆகவே அவரை முழுமையாக நம்பலாம், என்று நீதிபதி எழுதியிருந்தார். சட்டப் புத்தகத்தில் அந்த விதி வரும்போதெல்லாம் பக்கத்தைச் சீக்கிரமாகப் புரட்டிவிடுகிறேன். அசட்டையாக வேலை செய்ததற்கு எனக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. அதைத் தட்டச்சு செய்து, வரி வரியாக வாசித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது விமலசேன மஹத்தயாதான். நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது வந்திருக்கும் தீர்ப்புக்கு வருகிறேன். அடையாள அட்டையைப் பார் என்கிறது. நல்லது, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு நான் அட்டை கேட்டிருந்தால் கலா எடுத்துக் காட்டியிருப்பாள். புஷ்பராணி கட்டாருக்குக் கடவுச்சீட்டோடு போனாள். அட்டையை, வேலைக்கு வேண்டும் என்று தங்கச்சியிடம் விட்டுவிட்டுத்தான் போனாள். பத்து வருடத்துக்கு முன் எடுத்த, மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படம், கூடப்பிறந்தவள் முகம். நானும் இலக்கத்தைச் சரியாக எழுதியிருப்பேன். சத்தியக்கடதாசி இன்னும் உறுதியாக இருந்திருக்கும். இன்றைய தீர்ப்பின்படி அதை அசைக்கவே முடியாது. புஷ்பராணிக்கு வழக்கு திரும்பக் கிடைத்தது, நான் என் வேலையை மோசமாகச் செய்திருந்ததால்தான். இதைக் குழுவில் எழுதினால் சிரிப்பார்கள் என்று எழுதவில்லை.

அட்டை இலக்கம் எழுதுகிறவர்கள் எழுதுங்கள். அதோடு, பேப்பரில் என்ன இருக்கிறது என்பதை அந்த ஆளின் பாஷையில் அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். "உன் புருஷன் விவாகரத்துக் கேட்கிறான், பிள்ளையைக் கேட்கிறான்" என்று நான் சொல்லியிருந்தால், துரை நின்றாலும் யார் நின்றாலும் கலா அன்று சாயங்காலமே அக்காவிடம் ஓடியிருப்பாள். அக்கா அப்போது லயத்து அறையில்தான் இருந்தாள். தீர்ப்பில் இந்த யோசனை இல்லை. ஒரு நிமிட வேலை என்பதால் யாருக்கும் தோன்றவில்லையோ என்னவோ.

புதிய விசாரணை ஒன்றரை வருடம் இழுத்தது. தவணை, தவணை, நீதிபதி மாற்றம், ரவியின் வழக்கறிஞருக்குச் சுகமில்லை, மறுபடி தவணை. ஒவ்வொரு தவணைக்கும் புஷ்பராணி வந்தாள். கடைசியில் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கக் கட்டளையானது. ஒப்படைக்கும்போது உடனிருந்து கையெழுத்து வாங்கும் வேலை எனக்கு வந்தது. வேறு ஆள் இல்லை என்றார்கள்.

நீதிமன்ற விறாந்தையில் ரவி மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனான். டிலுக்சிக்கு அப்போது பத்து வயதாகப் போகிறது. ஸ்கூல் பையும் ஒரு சொப்பிங் பையும் வைத்திருந்தாள். அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள், ஆனால் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி வரலயா?"

"சித்திக்கு வேலடா."

பிள்ளை பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். நான் பத்திரத்தை நீட்டினேன். புஷ்பராணி மெதுவாக, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, இப்ப நீங்க எங்க வேலை செய்றீங்க அக்கா என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு எங்க தம்பி வேல? நான் பெரட்டுக்குப் போனா கலா எங்க போவா? என் பேருதான் வேலைக்குப் போவுது. நான் வீட்ல சமைச்சு வைக்கிறேன்."

பேனாவை மூடி என்னிடம் தந்தாள். இரண்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலரைக்குத்தான் என்று சொல்லி, பிள்ளையின் கையைப் பிடித்து வேகமாகப் படியிறங்கினாள்.